தண்ணீருக்கு வெளியே நின்ற கை

20 பிப்ரவரி 1978
ஐடஹோ

அன்புள்ள விக்சம்,

ஊர் வந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் உன் படுக்கை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். மிஷனரி வேலையில் இரண்டு வருடம் கூட்டாளியைக் கண்பார்வையை விட்டு விடாதே என்று பழக்கிவிட்டு, ஒரு நாள் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் எப்படி? நேற்று கடைக்குத் தனியாகப் போனேன். பாதி வழியில் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர், “என்னப்பா, நாயைத் தொலைச்சிட்டியா?” என்று கேட்டார். ஆமாம், பேர் விக்சம் என்று சொல்லியிருக்கலாம்.

இங்கே பீட்ரூட் வயல் எல்லாம் பனிக்கடியில் கிடக்கிறது. கடல் நானூறு மைலுக்கு அப்பால். ஆனால் மத்தியானம் வேலியோரம் நின்றால் ஜப்பானில் நாம் இருந்த குஷிரோ துறைமுகத்துச் சங்கு கேட்கிறது. மூடுபனி நாளில் ஊதுமே, வயிற்றுக்குள் இறங்கும் அதே சத்தம். அம்மாவிடம் சொன்னேன். காதுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டு வந்தார்.

தோகாஷி-சான் எப்படி இருக்கிறார்? ஐஸ் ஆலை வேலை இருக்கிறதா? குடியைத் தொடவில்லையே? எத்தனை ஆயிரம் கதவு தட்டினோம்! உள்ளே விட்டு, உட்காரவைத்து, பதினோரு மாதம் கேட்டு, கடைசியில் ஞானஸ்நானம் வரைக்கும் வந்தவர் அவர் ஒருவர்தான். என் இரண்டு வருடத்துக்கும் அவர் ஒருவரே கணக்கு.

ஜெனீல் எனக்காகக் காத்திருந்தாள். ஜூனில் ஆலயத்தில் திருமணம். அதற்குப் பிஷப் அனுமதிச் சீட்டு தரவேண்டும் அல்லவா? போன வாரம் போனேன். எங்கள் பிஷப் மாடு கறக்கிறவர். தொழுவத்திலிருந்து நேரே வந்து கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான கேள்விகள்தாம். பிறரிடம் நேர்மையாக நடந்துகொள்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அக்டோபரில் நாம் இருந்த அந்தப் பொதுக் குளியல் கூடத்து வெந்நீர் ஆவிதான் கண்முன் எழும்பியது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு வா என்று அனுப்பிவிட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அன்று தோகாஷி-சானின் வலது கை தண்ணீருக்குள் போகவில்லை.

நீ அவரைப் பின்னால் சாய்த்தாய். மூக்கைப் பிடித்திருந்த வலது கை கடைசி நொடியில் விலகிப்போய்த் தொட்டி விளிம்பைப் பற்றியது. மணிக்கட்டு வரை வெளியே இருந்தது. நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு சாட்சி, இன்னொருவர் நம் சபையின் ஷிரகாவா-சான். அவர் மூக்குக்கண்ணாடி ஆவியில் வெளுத்துக் கிடந்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான். ஒரு விரல் நுனி வெளியே நின்றாலும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே சாட்சிகளை நிறுத்துகிறோம்? அவர் எழுந்ததும் என்னைத்தான் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தண்ணீர் என்றாலே நடுங்குகிறவர். கடல் வேண்டாம், ஏரி வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் குளியல் கூடத்துக்குச் சம்மதித்தவர். இன்னொரு தரம் என்று எப்படிச் சொல்வேன்? அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. மறுபடி என்றால் அவர் எழுந்து போய்விடுவாரோ, கிடைத்த ஒருவரும் போய்விடுவாரோ என்று பயந்தேன். இரண்டாவதுதான் பெரியது.

நீ அவரிடம் பக்குவமாகச் சொல்லி மறுபடி செய்துவை. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

யேட்ஸ்


6 மார்ச் 1978
குஷிரோ

திரு. யேட்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் திருமண ஏற்பாடுகள் பற்றி அறிந்து மகிழ்ச்சி.

தோகாஷி-சான் நலமாக இருக்கிறார். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து அடுப்பு மூட்டி வைக்கிறார். நாற்காலிகளைத் துடைக்கிறார். போன மாதம் உபவாச ஞாயிறன்று சாட்சி சொல்ல எழுந்து நின்று, “எனக்கு இப்ப ராத்திரியில தூக்கம் வருது” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் கேட்ட சாட்சிகளிலேயே அதுதான் சிறியது. மறக்கவே முடியாதது.

இந்த மனிதரைக் கூப்பிட்டு, ஐயா, நடந்தது செல்லாது, மறுபடி தண்ணீருக்கு வாருங்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். எதற்கு? தாங்கள் சீட்டு வாங்கிக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவா? தங்கள் மனசு லேசாக அவரை மறுபடி அமுக்க வேண்டுமா?

மூன்று மாதம், யேட்ஸ்! ஞானஸ்நானத்துக்குப் பிறகு மூன்று மாதம் ஒரே அறையில் ஒரே கணப்பு மேசைக்கு அடியில் காலை நீட்டிப் படுத்தோம். தினமும் இரண்டு வேளை மண்டியிட்டு ஜெபம் பண்ணினோம். என் சட்டைப் பித்தான் அறுந்தால்கூடச் சொல்வாயே, இதைச் சொல்ல வாய் வரவில்லையா? ரயிலடியில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாயே, அதுகூட இதற்காகத்தானா? அந்த ஞானஸ்நானத்தைக் கொடுத்தவன் நான். என் வாயால் சொன்ன வார்த்தைகள் அவை. அரைகுறையாகக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே நீ என்னை ஆனந்தப்பட விட்டிருக்கிறாய்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்பமும் தண்ணீரும் வரும்போது எல்லோரும் வலது கையால் எடுப்போம் அல்லவா? தோகாஷி-சான் இடது கையால் எடுக்கிறார். பழக்கம் இல்லை என்று நினைத்து இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டு மறுபடி இடது கையால்தான் எடுத்தார். உன் கடிதம் வந்த பிறகு, நேற்று அந்த வலது கையைப் பார்த்தேன். மடியில் ஒரு கைக்குட்டையின் மேல் கிடந்தது.

நான் சொல்ல மாட்டேன். இப்படிக் கேட்டு இனி எழுத வேண்டாம்.

கிளைட் விக்சம்


21 மார்ச் 1978
ஐடஹோ

விக்சம்,

நீ திட்டியது எல்லாம் சரி. ‘தாங்கள்’ என்று எழுதியதுதான் தாங்கவில்லை.

ரயிலடியில் சொல்ல வந்தேன். சத்தியமாக வந்தேன். நீ ரயில் ஜன்னல் வழியாக வறுத்த கணவாய்ப் பொட்டலத்தை நீட்டி, “நீதான்டா என்னை மிஷனரி ஆக்கினே” என்றாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். சொல்ல வேண்டாம். திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். எனக்காக அவர் தண்ணீரில் இறங்க வேண்டாம். சீட்டு இல்லாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் அந்தக் கைக்குட்டையைப் பற்றி எழுதினாயே, மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டப்பகலில், வைக்கோல் அள்ளிக்கொண்டிருக்கும்போது, ஆவிக்குள்ளிருந்து அந்தக் கை வருகிறது. நனையாமல், வெளுப்பாக, எதையோ கேட்பது மாதிரி விரல் விரித்துக்கொண்டு நிற்கிறது. பயமுறுத்தவில்லை. ரொம்பப் பொறுமையாக நிற்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், விக்சம். அந்தக் கை வெளியே நின்றது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நம்மிடம் ஏன் கேட்கவில்லை?

ஆரின் யேட்ஸ்


17 ஏப்ரல் 1978
குஷிரோ

யேட்ஸ்,

சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை. தெரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்து அப்பத்தட்டை நீட்ட என்னால் முடியவில்லை. அதற்காக.

புதன்கிழமை ஐஸ் ஆலைக்குப் போனோம். புதுக் கூட்டாளி பல்சிஃபரை வாசலில், பார்வை படும் தூரத்தில் நிற்கச் சொன்னேன். உள்ளே ஆள் உயரத்துக்கு ஐஸ் பாளங்கள். ஜன்னல் வெளிச்சம் அவற்றுக்குள் புகுந்து நீலமாய்த் தேங்கி நின்றது. பேச்சே காற்றில் உறைந்துவிடும் போல இருந்தது. சொல்லி முடித்தேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

“தெரியும் தம்பி. என் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார்.

பிறகு ஒரு பாளத்தின் மேல் சாக்கை விரித்து என்னை உட்காரவைத்தார். நீயும் நானும் பதினோரு மாதம் போய் வந்த வீட்டில் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னார். பத்தொன்பது வருடம் முன்னால் அவரும் தம்பி குனிஓவும் சால்மன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்திருக்கிறது. இடது கை படகின் அடியில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தது. வலது கை குனிஓவின் கையைப் பிடித்திருந்தது. மூடுபனி. துறைமுகத்துச் சங்கு கேட்கிறது, கரை தெரியவில்லை. விறைப்பில் இரண்டு கையும் மரத்துப்போய்விட்டன. மூடுபனி விலகியபோது பார்த்தால் வலது கை விரிந்து கிடக்கிறது. எப்போது விரிந்தது என்று தெரியாது என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கையை அவர் எந்தத் தண்ணீருக்குள்ளும் இறக்கியதில்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. குளியல் கூடத்தில் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாராம். ஊருக்கே தெரியும். நமக்குத்தான் தெரியாது, நாம்தான் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தோமே.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்னைக்கு யேட்ஸ் தம்பி என் கையை நேராப் பார்த்தாரு. பார்த்துட்டுத் தலையாட்டினாரு. உங்க கடவுள்தான் அவர் கண்ணு வழியாப் பார்த்து, அந்தக் கை கிடக்கட்டும், விட்டுடுன்னு சொல்லிட்டாருன்னு நெனச்சேன். மன்னிச்சதா நெனைக்கல. விட்டு வச்சாரு, அவ்வளவுதான். அதான் அந்தக் கைக்கு ரொட்டி குடுக்கல. ஆனா யாரோ பார்த்துட்டாங்கன்னு ஆனப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.”

நான் என்ன செய்வேன், யேட்ஸ்? ஆமாம், கடவுள்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. உன் தலையாட்டலும் அப்படித்தானே வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. “அது கடவுள் இல்ல. பயந்துபோன ஒரு பையன்” என்று சொன்னேன்.

அவர் கேட்டார்: “அப்ப யாருமே பார்க்கலையா?”

கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நாலு நாள் கழித்து ஞாயிறு. வரவில்லை. நேற்றும் வரவில்லை. அடுப்பை நான்தான் மூட்டினேன், ஒரே புகை. சப்போரோவில் நம் மிஷன் தலைவரிடம் கேட்டேன். தோகாஷி-சான் விரும்பினால் மறுபடி முழுமையாகச் செய், வற்புறுத்தாதே என்றார்.

நான் உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போல இருந்தது. உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

விக்சம்


2 மே 1978
ஐடஹோ

அன்புள்ள விக்சம்,

‘யாருமே பார்க்கலையா.’ அந்த வரிக்கு மேல் இரண்டு நாள் என்னால் படிக்க முடியவில்லை.

வாய்க்காலில் நேற்று முதல் தண்ணீர் விட்டார்கள். மலையில் உருகி வருவது, கத்தி மாதிரி வெட்டும். மதகடியில் நின்று என் வலது கையைத் தோள்பட்டை வரை உள்ளே விட்டேன். ஏன் என்று கேட்காதே. கொஞ்ச நேரத்தில் கை எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. விரல் மூடியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா? சத்தியமாகத் தெரியவில்லை, விக்சம். வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வயல், வரப்பு, வேலி எல்லாம் கரைந்து ஒரே வெள்ளையாக ஆனது. அதற்குள் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. குற்றம் கண்டுபிடிக்கிற பார்வை இல்லை. மிஷனில் இரண்டு வருடம் ஆயிரம் வாசலில் நின்று ‘கடவுள் இருக்கிறார், எனக்குத் தெரியும்’ என்று மனப்பாடமாக ஒப்பித்தேனே, அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. நேற்று தெரிந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஜெனீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரத்தைத் திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். “ரெண்டு வருஷம் காத்திருந்தவ, இன்னும் நாலு மாசத்துல காய்ஞ்சு போயிட மாட்டேன். ஆனா இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு என் முன்னால சுத்தாதே. அந்த மனுஷனுக்கு நேரா எழுது” என்றாள்.

எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. என் ஜப்பானிய எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், நீ திருத்தாதே. அதில் இருப்பது இவ்வளவுதான்: நான் பார்த்தேன். உங்கள் கையைப் பார்த்தேன். பயத்தில் பொய் சொன்னேன், ஆனால் பார்க்காமல் இல்லை. என் கையையும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அது எப்போது விரிந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

அவர் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டு வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வா.

ஆரின்


12 ஜூன் 1978
குஷிரோ

அன்புள்ள ஆரின்,

முதலில் காரியம். இத்துடன் ஒரு சிறு தாள் இருக்கிறது. தோகாஷி குனிஓ என்று பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் தோகாஷி-சான் கையால் எழுதியவை. செத்தவர்களுக்காக ஆலயத்தில் உயிரோடிருப்பவர்கள் தண்ணீரில் இறங்கலாம் என்று நாம் சொன்னதை அவர் மறக்கவில்லை. உனக்கு அனுமதிச் சீட்டு கிடைத்ததும் குனிஓவுக்காக நீ இறங்க வேண்டுமாம். வேறு யாரும் வேண்டாம் என்றார். உன் பிஷப்பிடம் இந்தக் கடிதத்தையே காட்டு.

உன் தாளைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை. ஜூன் நாலாம் தேதி உபவாச ஞாயிறன்று நாங்கள் போய்ச் சபைக்கூடக் கதவைத் திறந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் உன் கடிதம். உனக்குச் சொல்லச் சொன்னார்: “யேட்ஸ் தம்பி அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். திரும்ப வந்திருக்கவே மாட்டேன். அந்தப் பொய்யில ஆறு மாசம் தூங்கினேன். கோபம் இல்லன்னு எழுதுங்க. ஆனா பொய் பொய்தான்னும் எழுதுங்க.” எழுதிவிட்டேன்.

பிறகு, மறுபடி செய்யலாம் என்றார். குளியல் கூடத்தில் நேரம் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம், கடலில் என்றார்.

போன சனிக்கிழமை காலை. ஊரே மூடுபனிக்குள் கிடந்தது. கடற்கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. வெள்ளை உடுப்பில் நாங்கள் ஒருவருக்கொருவர் பாதிதான் தெரிந்தோம். ஷிரகாவா-சானும் பல்சிஃபரும் சாட்சிகள். இரண்டு பக்கமும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து நின்றார்கள். பல்சிஃபருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. “இது ஞானஸ்நானமா, ஐஸ் ஆலையா?” என்று முணுமுணுத்தான். தோகாஷி-சான் சிரித்தார். ஆனால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியேதான் நடந்து வந்தார்.

நெஞ்சளவில் நின்றோம். துறைமுகத்தில் சங்கு ஊதியது. அவர் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம். சொல்லவில்லை. அவர் தானாகவே அந்தக் கையை இறக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டார். நான் வார்த்தைகளைச் சொல்லிச் சாய்த்தேன்.

முழுவதும் போனார். தலை, தோள், கை எல்லாம் உள்ளே. தூக்கப் பார்த்தேன், வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார். மூக்கிலிருந்து வலது கை விலகியது. தண்ணீருக்கு அடியில் அது விரிந்து, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. இருட்டறையில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு போவாரே, அப்படி. எனக்கு உயிரே போய்விட்டது. பல்சிஃபர் கத்தத் தொடங்கும்போது அவரே எழுந்தார்.

“முழுசாப் போச்சு” என்றார் ஷிரகாவா-சான். பல்சிஃபரும் அதையே சொன்னான்.

தோகாஷி-சான் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. இருமிக்கொண்டே நின்றார். அந்தக் கையை முகத்துக்கு நேரே பிடித்து, முன்புறமும் பின்புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவன் அங்க இல்ல, தம்பி” என்றார். “இத்தனை வருஷமா அங்கேயே என் கையைத் தேடிக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். கையை விட்டு நல்லாத் தேடிட்டேன். அவன் அங்க இல்ல.”

நான் அழுதேன், ஆரின். அவர் அழவில்லை. குளிருது, போகலாம் என்று சொல்லி, அந்தக் கையாலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தார்.

கிளைட்